கிரீஸின் வயிறும் ஒரு சிவப்பு அட்டையும்

லிஃப்ட்காரருக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அது முழுக்க உண்மையில்லை. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் தன் காலை இழுத்துக்கொண்டு மிதித்தவருக்கு இடம் விடுகிற மனிதர் அவர். அவருக்குக் கோபம் வர ஒரே ஒரு காரியம் நடந்தாக வேண்டும். அவர் ஒரு பழுதைத் தேடிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் குறுக்கே வந்து கை வைக்க வேண்டும். அப்படி நடந்துவிட்டால் எதிரில் நிற்பது கம்பெனி மேனேஜரா, கட்டடத்தின் சொந்தக்காரரா என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

தொழிலில் அவருக்கு இரண்டே சட்டம்தான். முதல் சட்டம், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். "ரெண்ட ஒண்ணா மாத்தினா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது, கெட்டாலும் எதனால கெட்டுச்சுன்னு தெரியாது. அப்புறம் மண்டையப் பிச்சுக்க வேண்டியதுதான்" என்பார். இரண்டாவது சட்டம் சிவப்பு அட்டை. உள்ளங்கை அகலத்தில், நூல் கோத்த தகரத் துண்டு. 'உள்ளே ஆள் இருக்கிறார், தொடாதே' என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். லிஃப்டின் அடிப்பள்ளத்தில் இறங்குவதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டி, அந்த அட்டையை அதில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். கட்டடமே தீப்பிடித்து எரிந்தாலும் வேறு ஒருவர் அதைத் தொடக் கூடாது. கீழே இருப்பவரின் உயிர் அந்த நூலில் தொங்குகிறது.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கயிறு கத்துகிறது என்று புகார் வந்தது. போய்ப் பார்த்தார். கயிற்றில் குறையில்லை. உருளையில் குறையில்லை. ஆனால் கீழே பெட்டி வரும்போதெல்லாம் கத்தல் கேட்டது. அட்டையை மாட்டிவிட்டுப் பள்ளத்தில் இறங்கி டார்ச் அடித்தால், மூலையில் ஒரு பூனைக்குட்டி. உடம்பு முழுக்க கிரீஸ். கண் மட்டும்தான் அதன் சொந்த நிறத்தில் இருந்தது. எப்படி உள்ளே போனது, எத்தனை நாளாகத் தலைக்கு மேல் அந்தப் பெட்டி ஏறி இறங்குவதைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. துடைக்கிற துணியில் சுற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிரீஸ் என்றே அதற்குப் பெயரும் வந்துவிட்டது.

வீட்டில் மூன்று பேர். அவர், அவர் மனைவி, அவருடைய அக்கா. மனைவிக்கு ஒரு மருந்துக் கடையில் வேலை. கல்லாவில் நின்று நின்று, எதையும் இரண்டு வார்த்தையில் முடித்து அடுத்தவரைக் கூப்பிடுகிற பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. அக்கா கணவனை இழந்தவர். கொஞ்ச காலம் அண்ணன் வீட்டிலும் கொஞ்ச காலம் தங்கை வீட்டிலும் இருந்து பார்த்துவிட்டு, கடைசியில் இந்தத் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். காலையும் மாலையும் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. நடுவில் பகல் முழுக்க வீட்டில் இருப்பார். வீட்டில் எது தீர்ந்தாலும், தீர்ந்தது என்று மற்ற இருவருக்கும் தெரிவதற்குள் புதிது வாங்கி வைத்துவிடுவார். உப்பு, தீப்பெட்டி, சோப்பு, பல்ப் எல்லாம் தானாகவே முளைக்கின்றன என்றுதான் லிஃப்ட்காரர் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

கிரீஸைக் குளிப்பாட்டித் துவட்டியதும் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி வெளியே வந்தது. அக்கா ஒரு தட்டில் பால் வைத்தார். நக்கி நக்கித் தட்டையே பளபளப்பாக்கியது. "பாவம், பசி" என்று இன்னொரு தட்டு வைத்தார். மறுநாள் காலையில் குளியலறை வாசல், ஹால், லிஃப்ட்காரரின் இடது பூட்ஸ் என்று மூன்று இடங்களில் அதன் விளைவு கிடந்தது.

அங்கிருந்து தொடங்கியது வயிற்றெரிச்சல். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாலில் ரொட்டியை ஊற வைத்தார்கள். அதுவும் பால்தானே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு மீன். பிறகு அவித்த முட்டை. பிறகு மனைவி கடையிலிருந்து கைக்குழந்தைகளுக்கான மாவு ஒன்றைக் கொண்டுவந்தாள். குழந்தைக்கு ஆகிறது குட்டிக்கு ஆகாதா என்பது அவள் கட்சி. ஒவ்வொன்றையும் ஒரு வேளை, மிஞ்சினால் இரண்டு வேளை. ஒவ்வொன்றும் போன வேகத்திலேயே வெளியே வந்தது. லிஃப்ட்காரர் வாளியும் துணியுமாகத் தரையில் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டே, "நான் கட்டடத்துல துடைக்கிற கிரீஸே பரவாயில்ல" என்று முனகினார்.

செல்லப் பிராணிகளுக்கான கடை ஒன்று பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்தது. உள்ளே போனவர் மலைத்து நின்றுவிட்டார். சுவர் முழுக்கப் பைகள். எல்லாப் பையிலும் கொழுத்த பூனை ஒன்று இவரைப் பார்த்துச் சிரித்தது.

"வயிறு சரியில்லாத குட்டிக்கு எது?" என்று கேட்டார்.

கடைக்காரர் ஒரு பையை எடுத்துக் கொடுத்தார். "இது மென்மையான வயித்துக்குன்னே வர்றது சார்."

"அப்ப அது?"

"அதுவும் மென்மையான வயித்துக்குத்தான்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இது சால்மன். அது கோழி."

"எது ஒத்துக்கும்?"

"அது குட்டியப் பொறுத்தது சார்."

"குட்டியக் கேக்க முடிஞ்சா நான் எதுக்கு உங்ககிட்ட வர்றேன்?" என்று வாய் வரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு, இரண்டு பையும் ஒரு டின்னும் வாங்கிக்கொண்டு வந்தார். காலையில் சால்மன். மாலையில் கோழி. மறுநாள் டின். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று வேலையில் தொண்டை வறளக் கத்துகிற மனிதர், வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றும்போது தன் சட்டத்தையும் சேர்த்துக் கழற்றிவிட்டார். கிரீஸ் மேலும் இளைத்தது. தூக்கினால் கைக்குட்டையைத் தூக்குவது போல இருந்தது. முதுகெலும்பு விரலில் தட்டுப்பட்டது.

கால்நடை மருத்துவர் ஒரு பெண்மணி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். குட்டியை எடை போட்டார். கொண்டுவந்த மலத்தைச் சோதித்துப் பார்த்து, பூச்சி எதுவும் இல்லை என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"சார், ஒரு வாரத்துல இதுக்கு எத்தன வகை குடுத்திருக்கீங்க?"

லிஃப்ட்காரர் எண்ணத் தொடங்கினார். பாதியிலேயே அசடு வழிந்தது.

"பெரிய பூனைக்கே சாப்பாட்ட இப்படித் தடால்னு மாத்தினா வயிறு கலங்கும். இது குட்டி. பால சுத்தமா நிறுத்துங்க. பால் குடிக்கும், ஆசையா குடிக்கும், ஆனா ஜீரணம் ஆகாது. இப்போதைக்கு உப்பு, எண்ணெய் எதுவும் போடாம வேகவெச்ச கோழி நெஞ்சுக்கறி. கொஞ்சம் கொஞ்சமா, பல தடவையா குடுங்க. வயித்துப்போக்கு நின்னதும், குட்டிகளுக்குன்னு இருக்கிற ஒரே ஒரு உணவு. ஒண்ணே ஒண்ணு. அதக் கறியோட முதல்ல சிட்டிகை அளவு கலந்து, தினம் கொஞ்சம் கூட்டி, கறியக் குறைச்சுட்டே வாங்க. வெறும் கறியிலயே நிறுத்திடாதீங்க, வளர்ற உடம்புக்கு அது மட்டும் போதாது."

"அப்படிப் பண்ணினா சரியாயிடுமா மேடம்?"

"ஆகணும். ஆனா இதுக்கு மேல எடை குறைஞ்சா ட்ரிப்ஸ் ஏத்த வேண்டி வரும். இவ்வளவு சின்ன உடம்பு அதத் தாங்குமான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்தார். சமையலறை அலமாரியில் ஒரு தட்டை ஒழித்து, கோழிக்கறிப் பாத்திரத்தையும் குட்டிக்கான ஒரே ஒரு பையையும் அதில் வைத்தார். மீதிப் பைகளையும் டின்னையும் கட்டிப் பரணில் போட்டார். கருவிப்பையில் உபரியாக இருந்த ஒரு சிவப்பு அட்டையை அலமாரிக் கைப்பிடியில் மாட்டினார். உள்ளே ஆள் இருக்கிறார், தொடாதே.

"உள்ள யாருங்க இருக்கா?" என்றாள் மனைவி.

"சிரிக்காத. இனிமே கிரீஸுக்கு நான் மட்டும்தான் சாப்பாடு வெப்பேன். நான் இல்லாத நேரத்துக்கு அளந்து கிண்ணத்துல வெச்சுட்டுப் போவேன், அக்கா அத எடுத்து வெச்சாப் போதும். வேற ஒரு பருக்கை அது வாயில போகக் கூடாது. பால் கூடவே கூடாது. ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன்."

"சரிடா" என்றார் அக்கா. "நீ சொல்ற மாதிரியே செய்யிறேன்."

இதற்கு நடுவில் லிஃப்ட்காரருக்கு ஒரு பெருமை இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. சாயங்காலம் அவர் கதவைத் திறக்கும்போது கிரீஸ் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும். மனைவி வந்தால் வராது. அக்கா வந்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும். இவருடைய காலடிச் சத்தம் படியில் கேட்டால் போதும், எலும்பும் தோலுமாக இருந்தாலும் ஓடி வந்து நிற்கும். இவர் காலணி அடுக்குக்குப் பக்கத்தில் கருவிப்பையை இறக்கி வைத்து, முக்காலியில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கில் மிச்சமிருக்கும் டீயை அதன் மூடியில் ஊற்றி இரண்டு மிடறு குடித்துவிட்டு, பூட்ஸைக் கழற்றுவார். அது காலைச் சுற்றிச் சுற்றி வரும். "உசுரக் காப்பாத்தினவன் யாருன்னு அதுக்குத் தெரியுது பாரு" என்று வேலையிடத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு நேரே குளிக்கப் போய்விடுவார். கிரீஸ் படிந்த கையைத் தேய்த்துக் கழுவி வெளியே வர அவருக்கு நெடுநேரம் ஆகும்.

அட்டை மாட்டியாயிற்று. கோழி வெந்தது. அளந்து வைத்தார். குட்டியும் சாப்பிட்டது. ஆனால் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. அவருடைய விடுமுறை நாளுக்கு மறுநாள் காலையில் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டார். அதற்கு அடுத்த காலை பழையபடி தண்ணீர். கறியை இன்னும் நேரம் வேக வைத்தார். தோல் ஒட்டியிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தார். கிண்ணத்தைத் தனியாகக் கழுவினார். தலைகீழாக நின்று பார்த்தார். குட்டி வெளிக்குப் போக வைத்திருந்த, மூடி போட்ட மலத் தட்டைத் திறந்து பார்க்கிற ஒவ்வொரு காலையும், முடித்துவிட்டேன் என்று நினைத்த வேலைக்கு மறுபடி புகார் வந்தது போல இருந்தது. அவருக்கு அழுகையே வந்தது. இத்தனை வருஷத்தில் எந்த லிஃப்டும் அவரை இப்படிக் கெஞ்ச வைத்ததில்லை.

அட்டை மாட்டிய பிறகும் பழுது தொடர்ந்தால் லிஃப்ட்காரர் ஒருவருக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வரும். யாரோ தொட்டிருக்கிறார்கள்.

ஒரு சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, ஹாலில் வாயை நக்கிக்கொண்டிருந்த கிரீஸைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனார். அதன் மீசையில் பால் வாசனை அடித்தது. சந்தேகமே இல்லை. பால். திரும்பிப் பார்த்தால், சமையலறையில் அக்கா அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"குடுத்தியா?" என்றார்.

"எத?"

"பால. குட்டிக்கு."

"இல்லடா. இப்பத்தான் அடுப்புல வெச்சேன். இன்னும் பொங்கக்கூட இல்ல."

"அது வாயில பால் வாசன அடிக்குது. நீயே மோந்து பாரு. பகல் பூரா அதோட இருக்கிறது நீதான். முதல் நாள் பால் வெச்சதும் நீதான். பாவம் பாவம்னு சொல்லிச் சொல்லியே அதக் கொன்னுடுவ போலிருக்கே."

"நான் குடுக்கலைன்னு சொல்றேன்ல."

"பொய் சொல்லாதக்கா. நானும் என் பொண்டாட்டியும் வீட்டுலயே இல்ல. வேற யாரு குடுத்திருப்பா? செவுரா குடுத்துச்சு?"

மருந்துக் கடையிலிருந்து அப்போதுதான் வந்து நின்ற மனைவி, "என்னங்க, போதும்" என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அக்கா அடுப்பை அணைத்தார். பால் பாத்திரத்தை மூடினார். அவசரமே இல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணன் வீட்ல இருந்தப்ப ஒரு மோதிரம் காணாமப் போச்சு. எல்லாரும் முதல்ல என் மொகத்தத்தான் பாத்தாங்க. அப்புறம் அது மெத்தைக்கு அடியில கெடச்சது. தங்கச்சி வீட்ல கண்ணாடித் தட்டு ஒடஞ்சப்பவும் அப்படித்தான். ஒண்டிக்கிட்டு இருக்கிறவ மொகம் எப்பவும் கைக்கு எட்டுற எடத்துல இருக்கும்போல. இந்த வீட்ல மட்டும் அப்படி இல்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார். குரல் உயரவே இல்லை. "தப்பா நெனச்சுட்டேன்."

மறுநாள் காலையில் வேனுக்குப் போகும்போதே தன் துணிமணிப் பையையும் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். மனைவி லிஃப்ட்காரரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் எப்போதுமே இரண்டு வார்த்தைதான் பேசுவாள். இப்போது அந்த இரண்டும் போயிற்று.

லிஃப்ட்காரரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார். போனவள் போகட்டும், குட்டியாவது பிழைக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பகல் சாப்பாட்டுக்குக் கிண்ணத்தை அவரே அளந்து வைத்துவிட்டுப் போனார். இனி வீட்டில் பகலில் ஒரு ஆளும் இல்லை. பழுதுக்கு வழியே இல்லை. மறுநாள் காலை தட்டைத் திறந்தார். தண்ணீர். அதற்கு அடுத்த நாளும் அதே தண்ணீர்.

தொழில் தெரிந்தவருக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும். பழுதுக்குக் காரணம் என்று நினைத்த பாகத்தைக் கழற்றி எறிந்த பிறகும் பழுது இருந்தால், அந்தப் பாகம் நல்ல பாகம் என்று அர்த்தம். இதை ஆயிரம் தடவை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஆனால் அக்காவிடம் போய்த் தப்பு என்மேல் என்று சொல்ல வேண்டியிருக்கிற பக்கமாக மூளை நடக்க மறுத்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக யாரோ ஊட்டுகிறார்கள் என்று ஜன்னலைச் சாத்தினார். குட்டி வேறு, வீட்டில் காற்றில்லாமல் தும்மத் தொடங்கியது.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் வழக்கம்போல வந்தார். கிரீஸ் வாசலில் இருந்தது. ஓடி வரவில்லை, தள்ளாடி வந்தது. பையை இறக்கினார், முக்காலியில் உட்கார்ந்தார், மூடியில் டீயை ஊற்றி இரண்டு மிடறு குடித்தார், மூடியைப் பக்கத்தில் தரையில் வைத்தார், பூட்ஸைக் கழற்றினார், குளிக்கப் போனார். சட்டையைக் கழற்றித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சோப்புக் கிண்ணத்தில் கை விட்டால், நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு ஒட்டிக்கொண்டிருந்தது. மேல் அலமாரியில் பார்த்தார். அங்கே எப்போதும் புதுசு இருக்கும். இன்றைக்கு இல்லை. வாங்கி வைக்கிறவர் வீட்டில் இல்லையே. கருவிப்பையில் கை கழுவுகிற பசை கொஞ்சம் இருக்கும் என்று ஞாபகம் வந்து, துண்டைக் கட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட ஹாலுக்கு வந்தார்.

கிரீஸ் ஃபிளாஸ்க் மூடிக்குள் தலையை விட்டிருந்தது. முன்னங்கால் இரண்டையும் மூடியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, மிச்ச டீயை அடி வரை நக்கிக்கொண்டிருந்தது. அவருடைய டீ சாதாரண டீ இல்லை. தண்ணீரே காட்டாமல் முழுப்பாலில் போட்டு, சர்க்கரை தாராளமாகப் போட்டது. அப்படித்தான் அவருக்குப் பிடிக்கும். குட்டி வந்த நாள் முதலாக அவர் குளிக்கிற நெடுநேரமும் அந்த மூடி தரையில்தான் இருந்திருக்கிறது. விடுமுறை நாளில் ஃபிளாஸ்க் கிடையாது, மறுநாள் வயிறு கெட்டி. சமையலறையில் அட்டை மாட்டினார், ஜன்னலைச் சாத்தினார், அக்காவின் வாயை அடைத்தார். தன் கையில் இருந்ததை மட்டும் பார்க்கவில்லை.

குட்டி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. மீசையில் டீ. பிறகு மறுபடியும் மூடிக்குள் தலையை விட்டுக்கொண்டது. இத்தனை நாளும் அது ஓடி வந்து உட்கார்ந்தது உயிரைக் காப்பாற்றியவருக்காக இல்லை என்பதும் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அதுகூடப் பரவாயில்லை. அக்காவின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தரையில் தண்ணீர் தேங்க, துண்டோடு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி வந்து பார்த்தாள். மூடி, குட்டி, ஈரத் துண்டு மூன்றையும் ஒரு தடவை பார்த்தாள். கல்லாவில் நிற்பவளுக்கு அவ்வளவு போதும்.

"முதல்ல டாக்டருக்குப் போன் பண்ணுங்க" என்றாள். "அப்புறம் உங்க அக்காகிட்ட நேர்ல போங்க. போன்ல பேசித் தப்பிக்கலாம்னு நெனைக்காதீங்க."

பால் மட்டுமில்லை, டீயே பூனைக்கு விஷம் மாதிரிதான் என்று மருத்துவர் போனில் கடிந்துகொண்டார். உடனே தூக்கி வரச் சொல்லி, இதயத் துடிப்பைப் பார்த்தார், எடை பார்த்தார். நல்லவேளை, ட்ரிப்ஸ் வேண்டியிருக்கவில்லை. கோழிக்கறியிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் லிஃப்ட்காரர் இரண்டு பஸ் மாறி, ஃபிளாஸ்க்கையும் சிவப்பு அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அக்கா கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்தும் நிறுத்தவில்லை. ஒரு தலையணை உறையை உதறினார். இவர் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

"என்ன, குட்டிக்கு இங்கேருந்து நான் பால் அனுப்புறேனா?"

"நான்தான் குடுத்திருக்கேன்" என்றார் லிஃப்ட்காரர். வரும் வழியெல்லாம் அழகாகக் கோத்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. "தெனமும். இந்த மூடியில. தரையில வெச்சுட்டுக் குளிக்கப் போயிருக்கேன். வீட்ல சோப்பு இல்ல, அதனால கண்ணுல பட்டுச்சு. இல்லைன்னா இன்னிக்கும் உன்னத்தான் திட்டிட்டு இருந்திருப்பேன்."

அக்கா துணியைக் கீழே வைத்தார்.

"பழுதுன்னா கடைசியா தொட்டவன் கையத்தான் முதல்ல பாக்கணும். ஊருக்கெல்லாம் சொல்றேன். என் கைய நான் பாக்கல. நீ பக்கத்துல இருந்த, உன்னச் சொன்னா எனக்கு வலிக்காதுன்னு நெனச்சு உன்னப் பாத்துட்டேன். தப்புக்கா. மன்னிச்சுடு."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லி அக்கா கேட்டதில்லை. அதற்காக முகம் இளகிவிட்டது என்று நினைத்தால் அது தப்பு. அக்கா ஃபிளாஸ்க்கை வாங்கினார். சிவப்பு அட்டையை வாங்கினார். அட்டையின் நூலை ஃபிளாஸ்க் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டு, திருப்பிக் கொடுத்தார்.

"மாட்டினவங்கதான் கழட்டணும். உன் சட்டம்தானே?"

"ஆமா."

"குட்டிக்கு வயிறு சரியாகட்டும். வந்து கழட்டுறேன். அது வரைக்கும் தொடாத."

டீ இல்லாமல் வேலைக்குப் போவது லிஃப்ட்காரருக்குக் கை ஒடிந்த மாதிரி இருந்தது. வெளியே வாங்கிக் குடித்த டீ உப்புச் சப்பில்லாமல் இருந்தது. அட்டை மாட்டிய ஃபிளாஸ்க் சமையலறை அலமாரியில் அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதல் சாயங்காலம் கிரீஸ் வாசலுக்கு வந்தது, முக்காலியைச் சுற்றித் தேடியது, பூட்ஸை மோந்து பார்த்தது, இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. இரண்டாம் நாள் வரவே இல்லை. அவருக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் கறியை அளந்து வைத்தார். வயிற்றுப்போக்கு நின்றதும் அந்த ஒரே பையிலிருந்து சிட்டிகை அளவு கலந்தார். ஒரு நாள் அவசரப்பட்டு ஒரு கரண்டி கலந்துவிட்டு, காலையில் தட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி சிட்டிகைக்கே போனார். பிறகு கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். வேறு எதையும் மாற்றவில்லை. கைதான் பரபரத்தது, அடக்கிக்கொண்டார்.

ஒரு காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது லிஃப்ட்காரர் மலத் தட்டின் முன் குந்தி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கெட்டியா இருக்கு. இல்ல, நேத்தும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான். நிச்சயமாத் தெரியட்டும்னுதான் சொல்லாம இருந்தேன். தட்டுல ஒண்ணுகூட ஒட்டல. எடையும் கூடியிருக்கு. வேணும்னா போட்டோ அனுப்பட்டுமா?"

"கருமம். ஒண்ணும் அனுப்ப வேணாம். சாயங்காலம் வேன் முடிஞ்சதும் வரேன்" என்று அந்தப் பக்கம் போனை வைத்தார் அக்கா.

சாயங்காலம் அக்கா வந்தபோது தோளில் ஒரு பை மட்டும்தான் இருந்தது. போகும்போது கொண்டுபோன பெரிய பை இல்லை. லிஃப்ட்காரர் அதைப் பார்த்தார். அட்டையைக் கழற்றிவிட்டுப் போவதற்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தார். கேட்கப் பயந்தார். அக்கா கிரீஸைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அலமாரிக்குப் போய் ஃபிளாஸ்க்கை எடுத்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, அட்டையைத் தம்பி கையில் கொடுத்தார்.

"இனிமே மூடியக் குடிச்சு முடிச்சதும் கழுவி வை."

"சரி."

"யார் மேலயாவது சந்தேகம் வந்தா இத முதல்ல உன் கழுத்துல மாட்டிக்க."

"சரிக்கா."

பிறகு அக்கா தோள்பையைத் திறந்தபடி குளியலறைக்குள் போனார். பையில் வேறு எதுவும் இல்லை, அடி முதல் வாய் வரை சோப்புதான். ஒன்றைக் கிண்ணத்தில் வைத்து, மீதியை மேல் அலமாரியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். லிஃப்ட்காரர் வாசலில் அட்டையோடு நின்று எண்ணிப் பார்த்தார். மூன்று பேர் குளித்தாலும் மாதக் கணக்கில் வரும்.

"என் துணிமணிப் பைய நாளைக்குத் தங்கச்சி கொண்டுவந்து குடுத்துடுவா" என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.